சூடையன் பேரன்

எனக்குப் பெண் பார்த்த சமயம், பெண் வீட்டுக்காரர்கள் எங்களைப் பற்றி விசாரிக்க ஊருக்கு வந்தார்கள். மண்டபம் பக்கம் இருக்கிற எங்கள் வேதாளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் என் ஐயாவின் (அப்பாவைப் பெற்றவர்) பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ரேஷன் கார்டில் இருந்த, முறையான, முழுப் பெயர். கடையில் இருந்த ஆறேழு பேருக்கும் தெரியவில்லை. "அப்படி ஒரு ஆளு இந்த ஊர்ல இல்லையே, நீங்க மரைக்காயர்பட்டினம் போய்க் கேட்டுப் பாருங்க" என்று அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் "பையன் மஸ்கட்டுல ஸ்டோர்ல வேலை பாக்குறான்" என்று சொன்னதும் ஒருவருக்குப் பொறி தட்டியிருக்கிறது.

"அட, சூடையன் பேரனா? அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

என் மாமனார் இன்றைக்கும் விசேஷங்களில் இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும், பெண் கொடுத்தாரே.

கடற்கரைப் பக்கம் இல்லாதவர்களுக்கு: சூடை என்பது சாளை இனத்தில் ஒரு சின்ன மீன். கையை விரித்தால் உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்குள் அடங்கிவிடும். முதுகு நீலப் பச்சை, வயிறு வெள்ளி. இதன் ஒன்றுவிட்ட அண்ணன்தான் பேச்சாளை. மலையாளிகள் மத்தி என்று உயிரை விடுவது அதற்குத்தான். பேச்சாளை வந்தால் ஐஸ் போட்டு லாரியில் கேரளத்துக்குப் போகும். சூடை எங்கேயும் போகாது. கரையிலேயே கூறு கட்டி விற்று, அன்றைக்கே குழம்பாகிவிடும். மிஞ்சினால் கருவாடு. முள் அதிகம், விலை குறைவு. ருசியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

எங்கள் பக்கம் பட்டப்பெயர் இல்லாத வீடு கிடையாது. ரேடியோ வீடு, மூக்குப்பொடி வீடு, கப்பல்காரர் வீடு (அந்த வீட்டில் யாரும் கப்பலில் போனதில்லை). அதில் ஒன்றும் குறையில்லை. எங்களுக்கு வாய்த்தது மீன், அதிலும் கூறு பத்து ரூபாய்க்குப் போகிற மீன் என்பதுதான் சின்ன வயதில் எனக்கு வருத்தம். மீன் பெயரை மனிதருக்கு வைப்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. மீனாட்சி இல்லையா, கயல்விழி இல்லையா? கயல் என்றால் இலக்கியம், சூடை என்றால் கேலி. கயலும் குழம்பில் கொதித்த மீன்தானே என்று தமிழ் வாத்தியாரிடம் கேட்டு, பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் மண்டபம் கேம்ப்புக்கு, கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைக் காட்ட எங்களைக் கூட்டிப் போனார்கள். 1947 பிப்ரவரியில் தொடங்கிய அந்த நிலையத்துக்கு ரொம்ப காலம் தலைமையகமே எங்கள் மண்டபம்தான். 1971இல் அதைக் கொச்சிக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னும் ஆறாத ஒரு மனக்குறை. அங்கே கண்ணாடிக் குடுவைகளில் மருந்துத் தண்ணீர் ஊற்றி மீன்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்றின் மேல் சார்டினெல்லா என்று ஆரம்பிக்கும் பெயர்ச்சீட்டு. உள்ளே வெளிறிப்போய், வாயைத் திறந்தபடி, சாளை. எனக்குப் பின்னால் நின்றவன் வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய், உங்க ஐயாடா!" என்றான். வாத்தியாரே சிரித்துவிட்டார்.

1999 கடைசியில் நான் பன்னிரண்டாம் வகுப்பு. கோவாவுக்குப் புது முதலமைச்சர் என்று பேப்பரில் செய்தி: பிரான்சிஸ்கோ சர்தின்ஹா. அந்தப் பெயரை நான் கண்ணால் பார்த்தேன், கடந்து போனேன். அதில் என் பெயர் ஒளிந்திருப்பது தெரிய இன்னும் பத்து வருடம் ஆக வேண்டியிருந்தது.

மஸ்கட்டில் சாப்பாடு சப்ளை செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஒமான் சாளைக்குப் பேர்போன நாடு. அங்கே அதற்கு ஊமா என்று பெயர். கடற்கரை மணலில் பாய் விரித்தது போலக் காயப் போட்டு, மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாகப் போடுவார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது, ஊரில் மனிதர்கள் கேலி செய்தது போதாதென்று இங்கே ஒட்டகமும் சேர்ந்துகொண்டதா என்று தோன்றியது.

எங்கள் கிச்சனில் கோவாக்காரர் ஒருவர் தலைமைச் சமையல்காரர். அறுபதை நெருங்கியவர், வீட்டில் போர்ச்சுகீசியம் பேசி வளர்ந்தவர். ஒருநாள் ஸ்டோரில் டின் மீன் எண்ணிக்கொண்டிருந்தபோது என் பட்டப்பெயர்க் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல இதே பேர்ல முதலமைச்சரே இருந்தாரே" என்றார். சர்தின்ஹா என்று பேப்பர்காரர்கள் எழுதுவதை அவர்கள் சர்தீஞ்ஞா என்று சொல்ல வேண்டுமாம். போர்ச்சுகீசிய மொழியில் அதற்கு அர்த்தம் சாளை. வேறு ஒன்றும் இல்லை. டின் மேல் ஒட்டியிருக்கிற அதே சொல்.

அப்படியே டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"முதலமைச்சர் என்ன, பிஷப்பே இருந்தார். அவரைத் தின்னுட்டாங்க" என்றார் அடுத்து.

கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தபோது பெரும்பாலும் அவர் சொன்னபடியேதான் இருந்தது. பெரோ பெர்னாண்டிஸ் சர்தீஞ்ஞா. போர்ச்சுகல்காரர், பாரிஸில் படித்தவர். கோவாவில் திருச்சபை நிர்வாகத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1551இல் பிரேசிலுக்கென்று முதல் மறைமாவட்டத்தை ஏற்படுத்தி இவரை ஆயராக நியமித்தார்கள். மறுவருடம் சால்வடோர் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

போன இடத்தில் மனிதர் யாரோடும் ஒத்துப்போகவில்லை. ஏசு சபைக் குருக்கள் அங்கே பழங்குடிகளின் பாட்டையும் வாத்தியத்தையும் வழிபாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். மொழி தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். ஆயருக்கு இரண்டும் ஆகவில்லை. பாவத்தை இன்னொருவர் காதில் போட்டு அங்கிருந்து குருவின் காதுக்குக் கொண்டுபோவதாவது என்று எதிர்த்தார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர் பக்கமும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. எங்கள் ஊரில் சொன்னால் மறுநாள் ஏலக் கொட்டகை வரை வந்துவிடும்.

இதே மொழிச் சிக்கல் அதே காலத்தில் எங்கள் முத்துக்குளித்துறைக் கரையிலும் இருந்தது. 1549இல் இதே வேதாளையில் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு படைவீரர்கள் கையில் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற அண்டிரிக்கி அடிகளார், மொழிபெயர்ப்பாளரை நம்பாமல் தானே தமிழ் படித்தார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற புத்தகம் அவர் செய்த வேலை. பிரேசிலில் சண்டையாகப் போனது இங்கே புத்தகமாக வந்தது.

சரி, ஆயர் கதைக்கு வருகிறேன். ஆளுநரோடும் சண்டை, ஆளுநர் மகனோடும் சண்டை. விவகாரம் முற்றி 1556 ஜூனில் லிஸ்பனுக்குக் கப்பல் ஏறினார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. இன்றைய அலகோவாஸ் மாநிலத்தின் கரையில் கப்பல் உடைந்தது. நீந்திக் கரையேறியவர்களைக் கயெத்தே என்ற பழங்குடி மக்கள் பிடித்துக் கொன்று தின்றுவிட்டார்கள், ஆயரையும் சேர்த்து, என்பது வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது. கடலிலிருந்து கரைக்கு வந்த சாளை!

இதைப் படித்துவிட்டு நானும் அந்தச் சமையல்காரரும் ஒரு வாரம் சிரித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயரின் பெயர் கார்வாலோ என்றோ பெரைரா என்றோ இருந்திருந்தால் உலகம் இத்தனை காலம் இதைச் சொல்லிக்கொண்டிருக்குமா என்பது சந்தேகம்தான். பிரேசிலில் ஓஸ்வால்ட் டி ஆண்ட்ராடே என்ற கவிஞர் 1928இல் எழுதிய ஒரு பிரகடனத்தின் அடியில், தேதி போடுகிற இடத்தில் "ஆயர் சர்தீஞ்ஞாவை விழுங்கிய 374ஆம் ஆண்டு" என்று போட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வருடம் இடிக்கும். கவிஞரை ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வைக்கக் கூடாது.

(பெரைரா என்றதும் ஞாபகம் வருகிறது. அது பேரி மரம். நாம் பேரிக்காய் என்று சொல்கிற பேரியும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல்தான். அந்தப் பெயர் வைத்திருப்பவர்கள் மூக்கையூரிலிருந்து தூத்துக்குடி வரை இருக்கிறார்கள், யாரும் அவர்களைப் பேரிக்காய் என்று கூப்பிடுவதில்லை. கொடுத்துவைத்தவர்கள். ஏலம்கூட அவர்கள் சொல்தான் என்கிறார்கள். தினமும் காலையில் எங்கள் கரையில் சத்தம் போட்டுச் சொல்கிற சொல்.)

சாண்ட்விச் விஷயத்தில் ஆள் முந்தி, பலகாரம் பிந்தி. சாண்ட்விச் பிரபு என்று ஒருவர் இருந்தார், அவருடைய பட்டம் பலகாரத்துக்குப் போனது. அவருடைய குடும்பப் பெயர் மாண்டகு, சாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் ஒரு ஊர். அந்த மாதிரிப் பெயர்களில் ஒரு கௌரவம் இருக்கிறது. சர்தீஞ்ஞாவுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்தது தலைகீழ். மீன் முந்தி, மனிதன் பிந்தி.

ஆனால் அந்த ஆயர் கதையின் அடுத்த பக்கத்தைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. 1562இல் அடுத்த ஆளுநர் மெம் டி சா, கயெத்தே மக்களை யார் வேண்டுமானாலும் பிடித்து அடிமையாக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். ஆயரைத் தின்றதற்குத் தண்டனை. அந்த இனமே அழிந்துபோனது. நடந்ததைச் சொன்னதெல்லாம் போர்ச்சுகீசியர் தரப்பு. கயெத்தேகள் எழுதி வைக்கவில்லை, எழுதுகிற நிலைமையிலும் விடப்படவில்லை. சாளை என்ற பெயரின் வேடிக்கை மட்டும் ஊர் ஊராகப் போய், மஸ்கட்டில் ஒரு ஸ்டோர் ரூம் வரைக்கும் வந்துவிட்டது. அடிமைத் தீர்ப்பைச் சமையல்காரர் கேள்விப்பட்டதே இல்லை.

இதைப் படித்த இரவு எனக்கு அப்பத்தாதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஐயாவுக்குச் சூடையன் என்று ஏன் பெயர் வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. ஐயா ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் நூறு சூடை தின்றார், முள்ளைக்கூட மிச்சம் வைக்கவில்லை என்பார்கள். கேட்கிறவன் சிரிப்பான், நானும் சிரித்திருக்கிறேன். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது எங்கள் பக்கம் பெரிய சேதம் இல்லை. ஆனால் அதன் பிறகு மீன் விலை போகவில்லை. பிணம் மிதந்த கடலில் பிடித்த மீனை யார் வாங்குவார்கள்? அப்பா வெறும் கையோடு கரையிலிருந்து திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அப்பத்தா, யாரும் கேட்காமலே, "இதுக்குத்தாண்டா உங்க ஐயாவுக்கு அந்தப் பேரு" என்றாள்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போனது எல்லோருக்கும் தெரியும். ரயில் போனது, பாம்பன் பாலம் சிதைந்தது. பாலத்தை 46 நாளில் தூக்கி நிறுத்திவிட்டார்கள் என்று படிக்கிறோம். பிணங்கள் எத்தனை நாள் கரை ஒதுங்கின என்று யார் கணக்கு வைத்தார்கள்? தை பிறந்த பிறகும் எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் மீன் சட்டி அடுப்பில் ஏறவில்லை என்றாள் அப்பத்தா. மனுசனைத் தின்ற மீனைத் தின்பதா என்று பேச்சு. வாடைக் காலத்தில் தென்கடல் அமைதியாகக் கிடக்கும். வலை வளைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. வளைக்கத்தான் ஆள் இல்லை.

ஐயா சம்மாட்டியிடம் (படகு, வலைக்குச் சொந்தக்காரர்) முன்பணம் வாங்கியிருந்தார். வீட்டில் நாலு பிள்ளைகள், அப்பா கைக்குழந்தை. ஒருநாள் விடியலில் ஏழெட்டுப் பேரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துக்கொண்டு கரைவலை இறக்கினார். இழுக்க இழுக்க வலையின் மடி கனத்தது. எல்லோருக்கும் ஒரே பயம், மடியில் என்ன வரப் போகிறதோ என்று. இழுவையை நிறுத்திவிட்டு இரண்டு பேர் விலகி நின்றுகொண்டார்களாம். ஐயாதான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மடியைப் பிரித்தார்.

சூடை. முழுக்கச் சூடை. விடிகிற வெளிச்சத்தில் மணல் தெரியாமல் வெள்ளியாகக் கிடந்தது என்றாள் அப்பத்தா.

ஏலம் கூறினார்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை. கூறியவரே இறக்கி இறக்கி, கடைசியில் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றாலும் எடுப்பார் இல்லை. பாதியைத் தென்னைக்கு உரமாகக் குழி வெட்டிப் போட்டார்கள். ஐயா ஒரு ஓலைப்பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பத்தா சட்டியைத் தர மாட்டேன் என்று அடுப்பங்கரை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

ஐயா சண்டை போடவில்லை. அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சூடையை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் அதன் வாயைத் திறந்து காட்டினார். "இங்க பாரு. பல்லு இருக்கா? இதை வச்சு மனுசனைக் கடிக்க முடியுமா? தண்ணியில மெதக்குற பாசியைத் தின்னு வாழுற மீனு இது. இது யாரையும் தின்னல." அப்புறம் அவரே செதிலைச் சட்டியில் உரசி அலசி, புளியைக் கரைத்து, மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தார். மீன் பிடிக்கிற ஆம்பிளை மீன் ஆய்ந்து அன்றைக்குத்தான் பார்த்தாளாம்.

"தின்னீங்களா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"மொத வாய் கொமட்டுச்சு. பிள்ளைங்க தின்னுதுங்க. அதுகளைப் பாத்துட்டு நானும் தின்னேன்."

குழம்பு வாசனை தெருவுக்குப் போனது. பிணம் கரை ஒதுங்குகிற நேரத்தில் அந்த வீட்டில் மீன் கொதிக்கிறது என்று ஊர் பேசியது. மறுநாள் ஐயா தெருவில் போனபோது யாரோ காறித் துப்பி "சூடையன்" என்றார்களாம். அது கேலியாக வந்த பெயர் இல்லை, வசவாக வந்த பெயர். மாசி முடிவதற்குள் ஊரே மறுபடி மீன் தின்ன ஆரம்பித்துவிட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. கல்யாணப் பந்தி, நூறு சூடை எல்லாம் பிற்பாடு யாரோ பூசி மெழுகியது. ஐயா அதை மறுத்துப் பேசினதே இல்லை. சிரித்துக்கொண்டே "நூத்திப் பத்து" என்பாராம்.

மஸ்கட்டில் அந்தக் கோவாக்காரருக்கு இந்தக் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, பாசியைத் தின்னும் என்பது நிஜமா என்று மட்டும் கேட்டார். நிஜம்தான். பேச்சாளை, சூடை எல்லாமே கடலில் மிதக்கிற நுண்ணுயிர்களைச் செவுளில் சலித்துத் தின்கிற இனங்கள். ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் எழுதியதையும் பின்னால் படித்துப் பார்த்தேன். ஐயா பள்ளிக்கூடம் போனவர் இல்லை.

அந்தக் கோவாக்காரர் இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தால் என்னை "சர்தீஞ்ஞா" என்றுதான் கூப்பிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். கரையில் ஒரு அக்காவிடம் இரண்டு கூறு சூடை வாங்கினேன். காசை வாங்கிக்கொண்டு என் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்து, "சூடையன் வீட்டுப் பிள்ளையா?" என்றார். ஆமாம் என்றேன். கூடையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் பையில் போட்டார். வேண்டாம் அக்கா, வீட்டில் திட்டுவார்கள் என்றேன். இன்னொரு பிடியும் போட்டார்.

எதிர்பார்த்த மாதிரியே என் மனைவி பையை எட்டிப் பார்த்துவிட்டு, "நூறாவது இருக்கும் போல. உங்க வீட்டுப் பேரைக் காப்பாத்த நான் ஆய முடியாது" என்று அரிவாள்மனையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். எண்ணிப் பார்த்தேன், எண்பத்தி ஏழு. செதில் எல்லாம் முழங்கை வரை ஒட்டி, ராத்திரி குளித்த பிறகும் இரண்டு மூன்று மினுங்கிக்கொண்டிருந்தன.